சேசிஸ் நம்பர் ஒரிஜினல், மத்ததெல்லாம் ஸ்ரீராம்புரம்

யமஹா ஆர்.எக்ஸ். 100 வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் முட்டி போடுகிறார்கள். செல்போன் விளக்கை அடித்து, இன்ஜினின் விலாவில் ‘மேட் இன் ஜப்பான்’ என்ற வார்ப்பெழுத்து இருக்கிறதா என்று தேடுகிறார்கள். பிறகு கார்புரேட்டர், சைலன்சர், மட்கார்டு என்று தேடல் நீள்கிறது. எழுத்து கிடைக்கக் கிடைக்க விலை ஏறும். நன்றாகத் தேற்றி வைத்த வண்டி லட்ச ரூபாயைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. 1996-லேயே உற்பத்தி நின்றுபோன, 98 சிசி வண்டி ஒன்றுக்கு இந்த மவுசு.

அப்படி ஒருவர் என் வண்டியைப் பார்க்க பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்கு வந்தார். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஐ.டி. வேலை, மரியாதையான பையன். நான் விற்பதாக யாரிடமும் சொல்லவில்லை. யாரோ கிளப்பிவிட்ட பேச்சு. மெக்கானிக் கடை வாசலில் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்துவிட்டு, “இதுல ஒரிஜினல் பார்ட்ஸ் எதெல்லாம்?” என்று கேட்டார். எங்கள் மெக்கானிக் அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமலே சொன்னார்: “சேசிஸ் நம்பர் ஒரிஜினல் சார். மத்ததெல்லாம் ஸ்ரீராம்புரம்.”

பையன் சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார். அண்ணன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கணக்கெடுத்துப் பார்த்தால் அதுதான் உண்மை. அந்த வண்டியின் புஷ் ராஜாஜி நகர் லேத்தில் கடைந்தது. சீட் உறை எங்கள் தெருமுனையில் தைத்தது. பின் ஷாக்அப் ஜே.சி. ரோட்டில் பேரம் பேசி வாங்கியது. கிளட்ச் பிளேட் எத்தனை முறை மாறியது என்பதற்குக் கணக்கே இல்லை. ஜப்பானிய வண்டி என்று உலகம் சொல்கிறது. எங்கள் பேட்டையில் அது அப்படி இருந்த காலம் கொஞ்சம்தான்.

தறியும் ஆர்மோனியமும்

மல்லேஸ்வரத்துக்கும் ராஜாஜி நகருக்கும் ஓகலிபுரத்துக்கும் நடுவே நெருக்கியடித்துக் கிடக்கிற பேட்டை ஸ்ரீராம்புரம். இன்று மெட்ரோ ரயில் தலைக்கு மேலே போகிறது. 2014 மார்ச் 1 அன்று சம்பிகே ரோடு–பீன்யா பாதை திறந்தபோது எங்களுக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. அதற்கு முந்தைய ஸ்டேஷனை ஒட்டி நிற்கிற பெரிய மால் இருக்கிறதே, அந்த இடம் பழைய ராஜா மில். இன்னொரு பக்கம் பின்னி மில், மினர்வா மில். வடாற்காடு, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் இந்த மில்களின் சங்குச் சத்தத்துக்கு எழுந்து படுத்தார்கள். சைக்கிள் வைத்திருந்தவர் வசதியானவர்.

மில்காரர்களின் பிள்ளைகள் மில்லுக்குப் போகவில்லை. ஐ.டி.ஐ. படித்து டர்னர், ஃபிட்டர் என்று ராஜாஜி நகர் தொழிற்பேட்டைக்கும் பீன்யாவுக்கும் போனார்கள். இரும்பைத் தொட்டுப் பழகிய அந்தத் தலைமுறையின் கையில்தான் ஜப்பானிய வண்டி வந்து சேர்ந்தது. கதை வேறு மாதிரி ஆனதற்குக் காரணம் அதுதான்.

வண்டியை அனுப்பிய ஊரும் ஏறக்குறைய நம்ம ஊர் மாதிரிதான். ஜப்பானில் ஹமாமட்சு என்று ஒரு நகரம். மிச்சியோ சுசுகி 1909-ல் அங்கே தறி செய்யும் பட்டறை போட்டார். நூல் வியாபாரம் சரிந்த பிறகு, 1952-ல் சைக்கிளில் மாட்டுகிற 36 சிசி மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் கம்பெனி இரண்டு சக்கரத்துக்கு மாறியது. அதே ஊரில் 1887-ல் டோரகுசு யமஹா என்பவர் பள்ளிக்கூடத்துக் காற்றுப்பெட்டி ஒன்றைப் பழுது பார்க்கப் போய், பிறகு தானே வாத்தியம் செய்ய ஆரம்பித்தார். அவர் தொடங்கிய கம்பெனியின் வண்டிப் பிரிவு 1955-ல் தனியாகப் பிரிந்தது. டேங்க்கில் இருக்கிற மூன்று கவைக் கோல் முத்திரை அந்த இசைக்கருவிக் காலத்து மிச்சம். ஹோண்டாவும் 1948-ல் அங்கேயே பிறந்தது. சொய்சிரோ ஹோண்டா அதற்கு முன்னால் பிஸ்டன் ரிங் செய்துகொண்டிருந்தவர். தறி, வாத்தியம், பிஸ்டன் ரிங். பட்டறைக்காரர்களின் ஊர்.

யமஹாவின் முதல் வண்டியான ஒய்.ஏ. 1 கூடச் சொந்தச் சரக்கு இல்லை. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 வண்டியைப் பார்த்துச் செய்தது. பார்த்துச் செய்து, பிறகு மூலத்தையே மிஞ்சினார்கள். ‘ஒரிஜினல்’ பற்றி ரொம்பப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

எண்பதுகளின் தொடக்கம் வரைக்கும் இந்தியாவில் மோட்டார் சைக்கிள் என்றால் மூன்று பெயர்தான். மெட்ராஸில் செய்த புல்லட், மைசூரில் செய்த ஜாவா–எஸ்டி, வடக்கே செய்த ராஜ்தூத். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வெளிநாட்டுக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர அரசு அனுமதித்ததும் நான்கு ஜப்பானியரும் வரிசையாக வந்துவிட்டார்கள். 1984-ல் இண்ட்–சுசுகி ஏ.எக்ஸ். 100. அது எங்களுக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஓசூரில் டி.வி.எஸ். செய்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100. அதே வருடம் நவம்பரில் எஸ்கார்ட்ஸ் செய்த யமஹா ஆர்.எக்ஸ். 100. 1986-ல் கவாசாகி பஜாஜ் கே.பி. 100. நான்கும் நூறு சிசி சுற்றுவட்டாரம்.

ஸ்ரீராம்புரத்தில் நான்குக்கும் ஆள் இருந்தார்கள். பால்காரரும் சீட்டுக் கம்பெனி வசூல்காரரும் சி.டி. 100 வைத்திருந்தார்கள். பெட்ரோலை ரொப்பி மூடிவிட்டு மறந்துவிடலாம் என்று அந்தக் கம்பெனி விளம்பரம் செய்தது. மைலேஜும் அப்படித்தான் கொடுத்தது. ஓசூரில் உறவுக்காரர் இருந்தவர்கள் சுசுகி வைத்திருந்தார்கள். லைட் மியூசிக் குழுவில் கீபோர்டு வாசித்த ஒரு அண்ணன் யமஹா கீபோர்டை யமஹா வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போவார். அவருக்கு அதில் இருந்த பெருமையைப் பார்த்தால் இரண்டையும் அவரே கண்டுபிடித்த மாதிரி இருக்கும்.

என்னுடையதும் யமஹாதான். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு லேத் பட்டறை முதலாளியிடமிருந்து செகண்ட் ஹாண்டாக வாங்கியது. 1991 மாடல், கறுப்பு. கே.ஏ. 02, அதாவது ராஜாஜி நகர் ஆர்.டி.ஓ. அம்மா டேங்க்கில் மஞ்சள் குங்குமம் வைத்தார். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் நசுங்கியது. “இவ்ளோ சின்னதா இருக்குதே, ரெண்டு பேரைத் தூக்குமா?” என்றார் அப்பா. அவர் பார்த்த வண்டியெல்லாம் புல்லட்.

சின்ன வண்டிதான். எடை சுமார் நூறு கிலோ. பிஸ்டன் ஓடுகிற உருளையின் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீட்டர். கொள்ளளவு 98 சிசி. அதிலிருந்து 11 குதிரைத்திறன். அந்தக் காலத்து 350 சிசி புல்லட்டுக்கு 18 குதிரைத்திறன். எடையோ 160 கிலோவுக்கு மேல். எடையால் வகுத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இன்ஜின் புல்லட்டோடு சிக்னலில் சமமாக நிற்கும், பச்சை விழுந்ததும் முன்னால் போகும். ஸ்வஸ்திக் சர்க்கிளில் தினமும் இது நடந்தது.

இது டூ ஸ்ட்ரோக் செய்த வேலை. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறை நெருப்பு. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் நெருப்பு. தலைப்பாகத்தில் வால்வு கிடையாது, கேம் கிடையாது. பக்கவாட்டில் இருக்கிற துவாரங்களைப் பிஸ்டனே மூடித் திறக்கும். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மட்டும் ஒரு ரீடு வால்வு. ஆர்மோனியத்துக்குள் இருக்கிற பித்தளை நாக்குகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். காற்று இழுத்தால் திறக்கும், நின்றால் மூடும். 1972-ல் யமஹா தன் டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இதைக் கொண்டுவந்த பிறகுதான், குறைந்த வேகத்திலும் அந்த இன்ஜின்கள் திணறாமல் இழுக்க ஆரம்பித்தன. ஓகலிபுரம் மேட்டில் இரண்டாவது கியரில், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு ஏறும்போது அது புரியும்.

இன்னொரு வசதி ஆயில். ராஜ்தூத்துக்கும் பழைய ஸ்கூட்டருக்கும் பெட்ரோல் பங்கிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். யமஹா 1964-லேயே ஆட்டோலூப் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது. பக்க மூடிக்குள்ளே தனி டேங்க்கில் டூ டி ஆயிலை ஊற்றிவிட்டால் போதும். ஆக்சிலேட்டரைத் திருகுகிற அளவுக்கு ஒரு சின்ன பம்ப் ஆயிலை அனுப்பும். ஆனால் அந்த டேங்க் காலியாவதை ஒருவர் கவனிக்க வேண்டும். கவனிக்காவிட்டால் பிஸ்டன் போரில் ஒட்டிக்கொண்டு நடு ரோட்டில் நிற்கும். சி.டி. 100-ஐப் போல மறந்துவிட்டுப் போகிற வண்டி இல்லை இது. ஒரு வளர்ந்த ஆளை வாரத்துக்கு ஒரு முறையாவது குனிய வைத்தது.

“சும்னே ஒதைக்காதே குரு”

மெக்கானிக் அண்ணனின் கடை என்பது உண்மையில் ஒரு வீட்டின் வாசல். தகரக் கூரை, ஆணியில் தொங்கும் செயின்கள், ஒரு மண்ணெண்ணெய் டப்பா, சாமி படத்துக்குப் பக்கத்தில் கன்னட நடிகர் ராஜ்குமார் படம். பையன்களில் ஒருவன் தமிழ், ஒருவன் கன்னடம், ஒருவன் உருது. மூவரும் பேசிக்கொள்வது எந்த மொழி என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. திட்டு மட்டும் தெளிவாகத் தமிழ்.

காலையில் வண்டி கிளம்பாமல் நான் உதைத்துக்கொண்டே நின்றால் உள்ளேயிருந்து சத்தம் வரும்: “சும்னே கிக்கரை ஒதைக்காதே குரு, பிளக்கைக் கழட்டு!” டூ ஸ்ட்ரோக்குக்கு வருகிற வியாதிகளில் பாதி பிளக்கில் தெரியும். முனை காபித்தூள் நிறத்தில் இருந்தால் இன்ஜின் சவுக்கியம். கறுத்து, எண்ணெய் கோத்திருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். சூடேறிப் பிஸ்டனைத் தின்றுவிடும். உப்புத்தாளில் தேய்த்து, வாயால் ஊதி, திரும்ப மாட்டி, ஒரு உதை. அந்தப் பிளக்கும் நம்ம ஊர்தான். ஆடுகோடியில் இருந்த மைகோ தொழிற்சாலை ஸ்பார்க் பிளக் செய்வதில் பேர் போனது. கார்புரேட்டர் ஜப்பான் மிகுனியின் தொழில்நுட்பம். அதையும் பிறகு சென்னைப் பக்கம் யூகால் செய்ய ஆரம்பித்தது.

போர் போடுவதுதான் பெரிய வைத்தியம். வருடக்கணக்கில் ஓடினால் பிஸ்டனும் உருளையும் தேய்ந்து, இன்ஜினில் தகரம் தட்டுகிற சத்தம் வரும். பிளாக்கைக் கழற்றி, துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ராஜாஜி நகர் போரிங் பட்டறைக்குப் போக வேண்டும். 50 மில்லிமீட்டர் துளையை 50.25 ஆக்குவார்கள். அதற்கேற்ற பிஸ்டன், ரிங். அடுத்த முறை 50.50. பிறகு 50.75. ஐம்பத்தொன்று தொட்டால் ‘ஃபைனல் சைஸ்’ என்பார்கள். அதற்கப்புறம் உள்ளே புது ஸ்லீவ் இறக்கி மறுபடி ஐம்பதிலிருந்து ஆரம்பம். போரிங் பட்டறைக்காரர் வேலை முடிந்ததும் பிஸ்டனை ஆயில் தடவி உருளைக்குள் விடுவார். அது தன் எடைக்கே, அவசரமில்லாமல் இறங்க வேண்டும். தடுக்கவும் கூடாது, விழவும் கூடாது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் சமாசாரம் அது. அளவுகோலை எடுப்பதற்கு முன்னால் விரலால் சொல்லிவிடுவார். எச்.எம்.டி.யிலும் ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையிலும் பீன்யாவிலும் பழகிய விரல்கள் அவை. நாட்டின் இயந்திரத் தொழிலுக்காக இந்த நகரத்தில் உருவான கைத்திறமை, மிச்ச நேரத்தில் எங்கள் வண்டிகளை உயிரோடு வைத்திருந்தது.

சைலன்சர் அடைத்துக்கொண்டால் வேறு மருந்து. டூ ஸ்ட்ரோக் எரிக்கிற ஆயில் கரியாகி உள்குழாயில் படியும். வண்டிக்கு மூச்சு முட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் விறகு மூட்டி அந்தக் குழாயைச் சுடுவார்கள். தெருவே இருமும். மாடியிலிருந்து ஒரு பாட்டி கத்துவார். கரி உதிர்ந்து, மறுநாள் வண்டி பத்து வயது குறைந்த மாதிரி பாயும்.

அப்போது எங்கள் பையன்களில் சிலருக்கு ரேஸ் பைத்தியம் உண்டு. மெட்ராஸுக்குப் பக்கத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த போட்டிகளைப் பற்றி மெக்கானிக் கடைகளில் புராணமாகப் பேசுவார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்துவிட்டது. அங்கே சின்ன சிசி பிரிவுகளில் ஜப்பானிய டூ ஸ்ட்ரோக்குகள்தான் பறந்தன. பேட்டையில் இருந்த ரேஸ் என்பதோ மல்லேஸ்வரம் பதினெட்டாவது கிராஸ் வரை போய்த் திரும்புவது. டிராஃபிக் போலீஸ் ஜெயிப்பார்.

ஓசூர் ரோடு

ஊருக்குப் போவதென்றால் வண்டியில்தான். பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் விடிவதற்கு முன்னால் கிளம்பினால் மடிவாளா, பொம்மனஹள்ளி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் 2010-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் லாரிகளுக்கு நடுவில் ஊசியில் நூல் கோப்பதுதான். ஹெட்லைட்டுக்குக் கரண்ட் நேராக மேக்னட்டோவிலிருந்து வரும். வேகத்தைக் குறைத்தால் வெளிச்சமும் மங்கிவிடும். பள்ளம் தெரிய வேண்டுமென்றால் ஆக்சிலேட்டரைத் திருக வேண்டும். திருகினால் பள்ளம் சீக்கிரம் வந்துவிடும். முன் பிரேக்கும் சின்ன டிரம். ரசிகர்கள் யாரும் இதைப் பற்றி எழுதுவதில்லை. ஆர்.எக்ஸ். போகிற அழகுக்கு நிற்கிற அழகு கிடையாது.

ஓசூரில் டி.வி.எஸ். ஆலை இருக்கிற திசையைப் பார்த்துப் பின்னால் உட்கார்ந்திருக்கிற தம்பி கையை ஆட்டுவான். சுசுகிக்காரர்களைச் சீண்டுவதற்கு. அங்கே டீ, பிறகு சூளகிரி மலையைப் பக்கவாட்டில் விட்டுவிட்டு கிருஷ்ணகிரி. நெடுஞ்சாலை நான்கு வழி ஆகாத காலம். புளிய மரங்கள் இரண்டு பக்கமும் கை கோத்திருக்கும். அந்த நிழலில் நாலாவது கியரில் அறுபதில் வைத்துவிட்டால் இன்ஜின் ஒரே சுருதியில் பாடிக்கொண்டு போகும். நூறைத் தொடுகிற வண்டிதான். ஆனால் அதன் சுகம் அறுபதில். கிருஷ்ணகிரியில் இறங்கும்போது கை இரண்டும் மரத்திருக்கும், காதில் ரீங்காரம் மிச்சமிருக்கும். ஊரில் சித்தப்பா முதலில் கேட்பது எங்களை அல்ல: “வண்டி மக்கர் பண்ணுச்சா?”

அதே ரோட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஓசூரிலும் தருமபுரியிலும் செகண்ட் ஹாண்ட் வண்டி கொஞ்சம் மலிவு. ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டம், டி.என். 29. வாங்கி வந்தவர்கள் என்.ஓ.சி. எடுத்து, கர்நாடக வரி கட்டி, கே.ஏ. 02 ஆக்குவதில் ஒரு அவசரம் காட்டுவார்கள். வரி பயம் மட்டும் காரணமில்லை. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி நடந்த கலவரத்தை ஸ்ரீராம்புரம் பார்த்தது. குடும்பத்தோடு ஊருக்குப் போய், சில வாரம் கழித்துத் திரும்பியவர்கள் உண்டு. அதற்குப் பிறகு ஒருவரின் நம்பர் பிளேட் வெறும் எண்ணாக இருக்கவில்லை. 2016 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகளைத் தேடித் தேடி எரித்தபோது, பழைய ஆட்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. அன்று எங்கள் மெக்கானிக் கடையில் சர்வீஸுக்கு நின்றிருந்த டி.என். வண்டி ஒன்றைக் கடைப் பையன்கள் மூவரும் சேர்ந்து வீட்டுக்குள் தூக்கி வைத்தார்கள். மூன்று மொழிக்காரர்களும்தான். நூறு கிலோ வண்டியின் நன்மைகளில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புகை

ஆர்.எக்ஸைக் கொன்றது அரசின் பொறாமை என்று இன்னமும் நம்புகிறவர்களைப் பார்க்கிறேன். அப்படியில்லை. டூ ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை உள்ளே வருகிற நேரத்திலேயே பழைய புகை வெளியே போகிறது. இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். உள்ளே வந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே வெளியேறிவிடும். கூடவே ஆயில் புகை. 1996-ல் அரசு இரு சக்கர வண்டிகளுக்குக் கிலோமீட்டருக்கு 4.5 கிராம் கார்பன் மோனாக்சைடு என்று எல்லை வைத்தது. 2000-ல் அதை 2 கிராமாகக் குறைத்தது. ஆர்.எக்ஸ். 100 அந்த 1996-லேயே நின்றது. பெயர் மாற்றி, இன்ஜினைக் கொஞ்சம் பெரிதாக்கி 135 என்று அதன் தம்பிகள் சில வருடம் ஓடினார்கள்.

அந்த எல்லை நியாயமானது. மெஜஸ்டிக்கில் டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்களின் நீலப் புகைக்கு நடுவே நின்றவன் நான். புகையின் வாசனையைப் பற்றிக் கண்கலங்க எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும். வாசனை பிடித்திருந்தது, ஒப்புக்கொள்கிறேன். சிகரெட்டும் சிலருக்கு அப்படித்தான்.

ஆனால் நின்றுபோன பிறகு வண்டிக்கு வந்த புகழ் வேறு விதம். 2015-ல் கன்னடத்தில் ‘ஆர்.எக்ஸ். சூரி’ என்றொரு படம், 2018-ல் தெலுங்கில் ‘ஆர்.எக்ஸ். 100’ என்றே ஒரு படம். கிரிக்கெட் வீரர்கள் சேர்த்து வைக்கிறார்கள். விலை ஏறியது. விலை ஏற ஏற, பேட்டையில் இருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே போய்விட்டன. லேத் ஆபரேட்டரின் மகன் தன் அப்பா வண்டியை விற்று அட்வான்ஸ் கட்டினான். அதில் தப்பில்லை, வீட்டு அட்வான்ஸ் முக்கியம். வாங்கியவர்கள் அந்த வண்டிகளைப் பிரித்து, எங்கள் புஷ்ஷையும் எங்கள் சீட்டையும் எங்கள் சைலன்சரையும் கழற்றிப் போட்டுவிட்டு, கடல் தாண்டி வந்த ‘ஒரிஜினல்’ சாமான்களை மாட்டுகிறார்கள். பளபளவென்று நிற்கிறது. மழையில் எடுப்பதில்லை.

எனக்கு இதில் ஒரு வழக்கு உண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அதுதான் அந்த வண்டியின் உண்மையான உருவம் என்று இவர்கள் நினைக்கிறார்கள். தொழிற்சாலையில் அது இருந்தது சில நாள். ஸ்ரீராம்புரத்தில் இருந்தது முப்பது வருடத்துக்கு மேல். 50.75-க்குப் போன போர், லேத்தில் கடைந்த புஷ், கம்பெனி நிறத்தோடு கொஞ்சமும் ஒட்டாமல் தெருமுனைக்காரர் அடித்த கறுப்பு, இவையெல்லாம் அந்த வண்டி ஓடியதற்கான சாட்சி. அவற்றைக் கழற்றினால் மிஞ்சுவது 1991-ல் ஷோரூமில் நின்ற ஒரு பொருள். அதை நான் பார்த்ததுகூட இல்லை. என்னிடம் வரும்போதே அது பாதி மாறியிருந்தது.

சட்டப்படியும் அது இன்னும் பழம்பொருள் ஆகவில்லை. 2021-ல் வந்த மத்திய அரசு விதியின்படி முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் ஆனால்தான் ‘வின்டேஜ்’. முதன்முதலில் வந்த ஆர்.எக்ஸுக்கே 2035 ஆகும், என்னுடையதுக்கு 2041. அதுவரைக்கும் மற்ற வண்டிகளைப் போலவே ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இருபது வயது தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025-ல் 2,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். அதற்கு மேல் பசுமை வரி. புகைச் சோதனையில் 2000-க்கு முந்தைய வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை இருக்கலாம். அண்ணனின் கை பட்ட வண்டிக்கு அந்த எல்லை பயமில்லை.

என் மகள் ஓட்டுவது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். அதுவும் ஓசூர் ரோட்டுச் சரக்குதான், டி.வி.எஸ்., ஏதர், கொஞ்சம் தள்ளிப் போச்சம்பள்ளியில் ஓலா என்று அந்தத் திசை முழுக்க இப்போது பேட்டரி வண்டி செய்கிறது. சத்தமில்லை, புகையில்லை, ஓகலிபுரம் மேட்டில் ஆர்.எக்ஸை விட்டுவிட்டுப் போய்விடும். நல்ல வண்டி. மெக்கானிக் அண்ணன் ஒரு நாள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “எங்கம்மா தொறக்கறது இத?” என்று கேட்டார். “தொறக்க வேணாம் மாமா, அப்டேட் வரும்” என்றாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு டயரை மட்டும் அழுத்திப் பார்த்தார். காற்று குறைவாக இருந்தது. பையனை விட்டு அடிக்கச் சொன்னார், காசு வாங்கவில்லை.

2026-ல் ஆர்.எக்ஸின் பதிவு மறுபடி முடிகிறது. சைலன்சரைச் சுட வேண்டும், ஹாரன் வேலை செய்வதில்லை, பின் இண்டிகேட்டர் ஒன்று கண் சிமிட்டாமல் முறைத்துக்கொண்டே இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தானே ஓட்டிக்கொண்டு வருவதாக மகள் சொல்கிறாள். கிக்கரை உதைக்க ஒரு வழியாகக் கற்றுக்கொண்டுவிட்டாள். கிளட்ச்சை விடும்போதுதான் வண்டி தவளை மாதிரி தாவுகிறது. ஆனால் அவளுடைய லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு எடுத்தது. கியர் வண்டிக்கு எல்.எல்.ஆர். போட்டிருக்கிறாள். அது வந்து, டெஸ்ட் பாஸாகிறவரைக்கும் பின்னால்தான் உட்கார வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.